வாஸ்னார் உடன்பாடு: நெதர்லாந்தில் தொழிற்சங்கமும் முதலாளிகளும் அரசும் எப்படி உடன்படுகிறார்கள், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

பதிவு 1 – வைகறைவாணன்

ஐரோப்பியத் தொழிலுறவுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நெதர்லாந்தின் ‘பொல்டர்’ (கடலைத் தடுத்து மீட்ட நிலம்) முறை ஒரு முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுகிறது. வேலைநிறுத்தமும் கதவடைப்பும் இல்லாமல், முத்தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்து, எல்லோரும் ஏற்கும் முடிவு வரும்வரை பேசிக்கொண்டே இருக்கும் முறை என்று அதைச் சொல்கிறார்கள். கடலைத் தடுத்து நிலம் மீட்ட மக்கள் என்பதால் ஒத்துழைப்பு அவர்கள் இரத்தத்தில் ஊறிப்போனது என்ற கதையும் கூடவே வரும். அந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1970களில் அதே மக்கள் அதே நிலத்தில்தான் கடுமையாக மோதிக்கொண்டார்கள்.

இந்த இழையை 1982 நவம்பர் 24 அன்று எட்டப்பட்ட வாஸ்னார் உடன்பாட்டிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஹேக் நகரை அடுத்த வாஸ்னாரில், முதலாளிகள் கூட்டமைப்பான வி.என்.ஓ.வின் தலைவர் கிறிஸ் வான் வேன் வீட்டில் பேச்சு நடந்தது. எதிர்த்தரப்பில் இருந்தவர் எஃப்.என்.வி. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் விம் கோக். பிற்காலத்தில், 1994 முதல் 2002 வரை, நாட்டின் பிரதமராக இருந்தவர். ஒப்பந்தம் மிகச் சுருக்கமானது. அன்று நெதர்லாந்தில் நம்மூர்ப் பஞ்சப்படி போல விலைவாசி உயர உயர ஊதியமும் தானாக உயரும் ஏற்பாடு இருந்தது. அந்த உயர்வைத் தொழிற்சங்கங்கள் விட்டுக்கொடுக்கவும், அதற்கு ஈடாக வேலை நேரத்தைக் குறைத்து வேலையைப் பலருக்கும் பகிர்ந்தளிப்பது பற்றி முதலாளிகள் பேச முன்வரவும் இணங்கினர். 40 மணி நேர வாரம் பல துறைகளில் 38 மணி நேரமாகக் குறைந்தது இதன் தொடர்ச்சியாகத்தான்.

இது சட்டமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மையத்தில் கையெழுத்தானது ஒரு பரிந்துரைதான்; ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியே கூட்டு ஒப்பந்தம் பேசித்தான் அது நடைமுறைக்கு வந்தது. இருந்தும் அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அந்த வழியில் திருத்தப்பட்டன. கட்டளையிடும் அதிகாரம் இல்லாத ஒரு தாள் ஒரு நாட்டின் ஊதியப் போக்கை எப்படி மாற்றியது என்பதே என் கேள்வி. விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதிவு 2 – கணக்கன்

விடை அந்த மாத நாட்காட்டியிலேயே இருக்கிறது. ரூட் லுபர்ஸ் தலைமையிலான புதிய அரசு 1982 நவம்பர் 4 அன்று பதவியேற்றது. நீங்களே பேசி முடிக்காவிட்டால் நாங்கள் சட்டம் போட்டு ஊதியத்தை முடக்குவோம் என்பது அதன் நிலைப்பாடு. அது வெற்று மிரட்டலும் அல்ல, ஏனென்றால் 1970களில் அரசுகள் பலமுறை அப்படித் தலையிட்டிருந்தன. பதவியேற்ற மூன்றே வாரங்களுக்குள் உடன்பாடு வந்தது. மேசையில் இரண்டு தரப்பு அமர்ந்திருந்தது. மூன்றாம் தரப்பு கையில் பிரம்போடு வாசலில் நின்றது. இதை ஒருமித்த கருத்து என்று பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1959இல் குரோனிங்கன் மாகாணத்தில் கண்டெடுக்கப்பட்ட எரிவாயு அரசின் வருவாயைப் பெருக்கியது, நாணய மதிப்பை உயர்த்தியது, ஏற்றுமதித் தொழில்களை நெருக்கியது. எரிவாயுப் பணத்தில் நலத்திட்டங்கள் விரிந்தன, தொழிற்சாலைகள் சுருங்கின. 1977இல் ஒரு பிரிட்டிஷ் வார இதழ் இந்த நிலைக்கு ‘டச்சு நோய்’ என்று பெயரிட்டது. 1980களின் தொடக்கத்தில் வேலையின்மை இரட்டை இலக்கத்தை எட்டியபோது தொழிற்சங்கங்கள் உறுப்பினர்களை வேகமாக இழந்துகொண்டிருந்தன. வலுவிழந்த ஒருவர் கையெழுத்திடுவதை இணக்கம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவு 3 – ரொட்டர்டாம்வாசி

இருவரும் 1982இலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். வாஸ்னாரில் கையெழுத்திட்ட தலைவர்களுக்கு அந்த மேசை புதிதல்ல என்பதைச் சொல்லவே இந்த நீண்ட பதிவு. இங்கே பல ஆண்டுகளாக வசிப்பதாலும், இந்த அமைப்புகளின் அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பதாலும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில், உழைப்பு அறக்கட்டளை. இது 1945 மே மாதத்தில் நிறுவப்பட்டது. ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிற்சங்கத் தலைவர்களும் மறைவில் கூடிப் பேசியதன் விளைவு அது. இதில் அரசுக்கு இடமில்லை. இரு தரப்பு மட்டுமே. வாஸ்னார் உடன்பாடும் முறைப்படி இந்த அறக்கட்டளையின் பரிந்துரையாகத்தான் வெளியானது.

இரண்டாவது, 1950இல் சட்டத்தின் மூலம் உருவான சமூகப் பொருளாதார மன்றம். இதில் மூன்றில் ஒரு பங்கு முதலாளிகள், மூன்றில் ஒரு பங்கு தொழிற்சங்கத்தினர், மீதி மூன்றில் ஒரு பங்கு அரசமுடியால் நியமிக்கப்படும் வல்லுநர்கள். இந்த மூன்றாம் பிரிவினரை அரசின் பிரதிநிதிகள் என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். அமைச்சரின் சொல்லுக்குக் கட்டுப்படாத பேராசிரியர்களும் முன்னாள் அரசியல்வாதிகளும் மத்திய வங்கியின் தலைவரும் மத்தியத் திட்டப் பணியகத்தின் இயக்குநரும் அதில் இருக்கிறார்கள். நீண்ட காலம் சமூக, பொருளாதாரச் சட்டங்களைக் கொண்டுவருமுன் இந்த மன்றத்தின் கருத்தைக் கேட்பது அரசின் கடமையாக இருந்தது. 1995இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது.

மூன்றாவதாக வருவதுதான் அதிகம் பேசப்படாதது: மத்தியத் திட்டப் பணியகம். 1945இல் தொடங்கிய இதன் முதல் இயக்குநர் யான் டின்பெர்கன். 1969இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசை முதன்முதலில் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர். ஊதியம் ஒரு விழுக்காடு உயர்ந்தால் ஏற்றுமதி என்ன ஆகும், வேலைவாய்ப்பு என்ன ஆகும் என்ற கணிப்பை இது வெளியிடும். அதை மூன்று தரப்பும் ஏற்றுக்கொண்ட பிறகே பேச்சு தொடங்கும். பிற நாடுகளில் பேச்சுவார்த்தையின் முதல் மூன்று மாதங்கள் யாருடைய எண் சரி என்பதிலேயே கழிந்துவிடுகின்றன. இங்கே எண்ணைப் பற்றிய சண்டை பெரும்பாலும் இல்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் சண்டை. வைகறைவாணன் கேட்ட கேள்விக்கு என் விடையில் பாதி இதுதான்.

கணக்கன் சொல்லும் பிரம்பு உண்மைதான். ஆனால் அந்தப் பிரம்பு 1970களிலும் இருந்தது. அப்போது அது உடன்பாட்டைத் தரவில்லை, அரசின் கட்டளையைத்தான் தந்தது. 1982க்குப் பிறகு தனியார் துறை ஊதியத்தில் அரசு அப்படித் தலையிடவே இல்லை. 1987இல் சட்டத்தைத் திருத்தி அந்த அதிகாரத்தை நெருக்கடி நிலைக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. தலையீட்டுக்கு அஞ்சிச் செய்த உடன்பாடு, தலையீடே இல்லாத நாற்பது ஆண்டுகளைப் பெற்றுத் தந்திருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம்.

பதிவு 4 – தென்றல்77

நல்ல இழை. ஓர் எளிய கேள்வி: ஊதிய உயர்வை விட்டுக்கொடுத்ததால் உண்மையில் வேலைகள் உருவாயினவா?

பதிவு 5 – கணக்கன்

எளிய கேள்விக்கு எளிய விடை கிடையாது, தென்றல். 1990களின் இறுதியில் வேலையின்மை ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த நிலைகளில் ஒன்றுக்கு இறங்கியது. அப்போது ‘டச்சு அதிசயம்’ என்று உலகமே பேசியது. ஜெர்மனியில் ஷ்ரோடர் அரசு இதே பாணியில் அமைத்த ‘வேலைக்கான கூட்டணி’ 2003இல் பயனின்றிக் கலைந்தது. அயர்லாந்தில் 1987இல் தொடங்கிய தொடர் உடன்பாடுகள் 2009 நிதி நெருக்கடியில் முறிந்தன. ஆகவே நெதர்லாந்தின் மீது கவனம் குவிந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த வேலைகளின் தன்மையைப் பார்க்க வேண்டும். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ஆல்ஃபிரெட் கிளைன்க்னெக்ட் பல ஆண்டுகளாக ஒரு வாதத்தை வைத்தார்: உழைப்பு மலிவாகக் கிடைத்தால் முதலாளிக்குப் புதிய இயந்திரம் வாங்கவோ புதிய முறை கண்டுபிடிக்கவோ தேவை குறைகிறது, அதனால் உற்பத்தித்திறன் வளர்ச்சி தளர்கிறது. வேலைகள் பெருகியதும் உற்பத்தித்திறன் வளர்ச்சி மந்தமானதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பது அவர் கருத்து. இதை மறுப்பவர்களும் உண்டு. சேவைத் துறை பெருகியதே மந்தத்திற்குக் காரணம் என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. டச்சு நாணயமான கில்டர் 1983 முதல் ஜெர்மானிய மார்க்கோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. நாணயத்தின் மதிப்பைக் குறைக்க முடியாத ஒரு சிறிய ஏற்றுமதி நாடு, ஊதியத்தை அடக்கி அதே பலனைப் பெற்றது. வாங்கியவர் ஜெர்மானியர், வேலை இழந்தவர்களில் சிலரும் ஜெர்மானியராக இருந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இதையே செய்யாதவரைதான் இந்த உத்தி பலிக்கும். 2000களின் நடுவில் ஜெர்மனியும் ஊதியத்தை அடக்கியது.

பதிவு 6 – செம்மலை

தொழிற்சங்கப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சில வரிகள். வாஸ்னாரைப் பற்றி எழுதுபவர்கள் அடுத்த ஆண்டைத் தவிர்த்துவிடுகிறார்கள். தனியார் துறையில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிய அதே லுபர்ஸ் அரசு, 1983இல் தன் சொந்த ஊழியர்களின் ஊதியத்தையும் நலத்தொகைகளையும் 3.5 விழுக்காடு வெட்டப்போவதாக அறிவித்தது. ரயில், அஞ்சல், குப்பை அகற்றல் எனப் பொதுத்துறை முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அந்நாட்டின் அரசு ஊழியர் வரலாற்றில் அதற்கு முன் அப்படியொன்று நடந்ததில்லை. வெட்டு மூன்று விழுக்காடாகக் குறைந்தது, அவ்வளவுதான். குறைந்தபட்ச ஊதியமும் 1984இல் வெட்டப்பட்டு, பத்தாண்டின் இறுதிவரை உயராமல் நின்றது. அதோடு பிணைக்கப்பட்டிருந்த முதியோர் தொகையும் உதவித்தொகைகளும் நின்றன.

ஆக, மற்றவருடைய ஊதியத்தைப் பற்றிப் பேசும்போது இணக்கம் வேண்டும் என்று சொன்ன அரசு, தானே முதலாளியாக நின்ற இடத்தில் அந்த இணக்கத்தைத் தேடவில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு 2004இல் நடந்தது. பால்கெனெண்டே அரசு முன்கூட்டி ஓய்வுபெறும் திட்டங்களுக்கான வரிச்சலுகையை நீக்க முனைந்து, பேச்சு முறிந்தது. அக்டோபர் 2 அன்று ஆம்ஸ்டர்டாமின் அருங்காட்சியகத் திடலில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஐந்து வாரங்களில், நவம்பர் தொடக்கத்தில், அரசும் சங்கங்களும் முதலாளிகளும் புதிய உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதற்கு அந்தத் திடலின் பெயரையே மக்கள் வைத்தார்கள். அரசுக்கு ஒரு பிரம்பு இருப்பதுபோல் சங்கத்திற்கும் ஒன்று வேண்டும். 1982இல் அது இல்லை; 2004இல் இருந்தது. இரண்டு உடன்பாடுகளையும் ஒரே பெயரில் அழைப்பது வசதியானது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பதிவு 7 – நிலவேணி

இதுவரை எழுதிய எல்லோரும் வீட்டுக்கு ஒரு ஆண் சம்பாதிப்பவர் என்ற கணக்கிலேயே பேசுகிறீர்கள். வாஸ்னாருக்குப் பிறகு பெருகிய வேலைகளில் பெரும்பகுதி பகுதிநேர வேலைகள். அவற்றில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் திருமணமான பெண்கள். 1970களில் நெதர்லாந்தில் வேலைக்குச் சென்ற பெண்களின் விகிதம் மேற்கு ஐரோப்பாவில் மிகவும் பின்தங்கியிருந்தது. இரண்டே தலைமுறைக்குள் அது முன்வரிசைக்கு வந்தது. இதை யாரும் வாஸ்னாரில் திட்டமிடவில்லை. முழுநேர வேலையைச் சற்றே சுருக்கி வேலையற்ற ஆண்களுக்குப் பகிர்வதுதான் சங்கங்களின் எண்ணம். பகுதிநேர வேலையை அவை தொடக்கத்தில் சந்தேகத்துடன்தான் பார்த்தன, இரண்டாந்தர வேலையாகிவிடும் என்று அஞ்சின.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. பெண்கள் சங்கங்களுக்குள் வந்தார்கள், சங்கங்கள் நிலைப்பாட்டை மாற்றின, பகுதிநேர வேலைக்கும் மணிக்கணக்கில் அதே ஊதியம், அதே விடுப்பு, அதே ஓய்வூதியம் என்ற கோரிக்கை மேசைக்கு வந்தது. 1996இல் வேலை நேரத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைச் சட்டம் தடைசெய்தது. 2000இல் தன் வேலை நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கும் உரிமை ஊழியருக்குக் கிடைத்தது. தக்க காரணமின்றி முதலாளி அதை மறுக்க முடியாது. வேறு பல நாடுகளில் பகுதிநேர வேலை என்றால் மலிவு வேலை. இங்கே அப்படி ஆகாமல் தடுத்ததில் இந்த மேசைக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இன்றும் வேலை செய்யும் பெண்களில் பெரும்பான்மையினர் பகுதிநேரத்தில்தான் இருக்கிறார்கள், ஆண்களில் பெரும்பான்மையினர் முழுநேரத்தில் இருக்கிறார்கள். ‘ஒன்றரை ஊதியக் குடும்பம்’ என்று அதற்குப் பெயர். அந்த அரை எப்போதும் யாருடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. விவாகரத்திலும் ஓய்வூதியத்திலும் அந்த அரையின் விலை வெளியே தெரியும்.

பதிவு 8 – கணக்கன்

நிலவேணி சொன்னதோடு சேர்த்து, மேசையில் இருந்தவர்கள் மேசைக்கு வெளியே இருந்தவர்களின் செலவில் உடன்பட்ட கதையை முழுமையாக எழுதுகிறேன். இந்த முறையைப் புகழும் கட்டுரைகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை.

நெதர்லாந்தில் 1967 முதல் ஓர் இயலாமைக் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. வேலை செய்ய இயலாத அளவுக்கு உடல் அல்லது மனநலம் கெட்டால் கடைசி ஊதியத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். காரணம் வேலையிலிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று கேட்கமாட்டார்கள். நோக்கத்தில் குறை சொல்ல முடியாத திட்டம். இதை நிர்வகித்தவை அரசு அலுவலகங்கள் அல்ல; ஒவ்வொரு தொழில்துறையிலும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்திய காப்பீட்டுக் கழகங்கள்.

இப்போது ஓர் ஆலை ஆட்குறைப்பு செய்ய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளியை வெளியே அனுப்பினால் அவருக்கு வேலையின்மைத் தொகை சில ஆண்டுகளே கிடைக்கும், சங்கம் எதிர்க்கும், வேலைநிறுத்தம் வரலாம். அதே மனிதருக்கு முதுகுவலி என்றோ மனச்சோர்வு என்றோ சான்று கிடைத்தால் ஓய்வு வயதுவரை நல்ல தொகை கிடைக்கும். முதலாளிக்கு ஆள் குறைகிறார், சங்கத்திற்குத் தன் உறுப்பினரைக் காப்பாற்றிய திருப்தி, தொழிலாளிக்கும் மானக்கேடு இல்லை. மூவரும் உடன்படுகிறார்கள். கட்டணத்தை வேலை செய்யும் மற்ற எல்லோரும் கட்டுகிறார்கள்.

விளைவு: ஒன்றரைக் கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் இயலாமைத் தொகை பெறுவோர் 1990களின் தொடக்கத்தில் ஒன்பது லட்சத்தைத் தாண்டினார்கள். உலகின் ஆரோக்கியமான நாடுகளில் ஒன்று, தாளில் மட்டும் நோயாளிகளின் நாடாகிவிட்டது. எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டால் பதவி விலகுவேன் என்று 1990இல் லுபர்ஸ் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 1991இல் அரசு தொகையை வெட்டப் புறப்பட்டபோது ஹேக் நகரில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் திரண்டு எதிர்த்தனர். அன்றைய நிதியமைச்சர் யார் என்று பாருங்கள்: விம் கோக். அவருடைய தொழிலாளர் கட்சி உறுப்பினர்களை இழந்து, பிளவின் விளிம்புவரை சென்றது.

1993இல் ஃபிளிப் பூர்மையர் தலைமையிலான நாடாளுமன்ற விசாரணைக் குழு, காப்பீட்டுக் கழகங்கள் ஆட்குறைப்புக்கான வடிகாலாக இத்திட்டத்தைப் பயன்படுத்தின என்றும், முறையான மேற்பார்வை இருக்கவில்லை என்றும் அறிக்கை தந்தது. அதன் பிறகு சமூகக் காப்பீட்டு நிர்வாகம் படிப்படியாக முதலாளிகள், சங்கங்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, 2002இல் ஒரே அரசு முகமையின் கீழ் வந்தது. நோய்விடுப்புக் காலத்தில் ஊதியம் தரும் பொறுப்பு முதலாளியின் மீதே போடப்பட்டது. 1996இல் ஓராண்டு, 2004இல் இரண்டாண்டு. செலவு தன் பையிலிருந்து போகத் தொடங்கிய பிறகு முதலாளிகள் ஊழியரின் முதுகைப் பற்றி அக்கறை கொண்டார்கள்.

எனவே இணக்கம் என்பதே தன்னளவில் நல்லது என்று நான் ஏற்கவில்லை. யாருடைய பணத்தில் இணங்குகிறார்கள் என்று முதலில் கேட்பேன்.

பதிவு 9 – ரொட்டர்டாம்வாசி

கணக்கன் எழுதியதில் நான் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் கதையின் அடுத்த பக்கத்தையும் சேர்க்க வேண்டும். அந்த அவமானத்திற்குப் பிறகு பொல்டர் முறை செத்துவிட்டது என்றே 1993இல் எல்லோரும் எழுதினார்கள். பேச்சு நீண்டு முடிவே வராத குழைவை அந்நாட்டினர் பாகுபோன்ற பிசுபிசுப்பு என்று கேலி செய்வது வழக்கம். அந்தக் கேலி அப்போது உச்சத்தில் இருந்தது. அதே ஆண்டு இறுதியில் ‘புதிய பாதை’ என்ற உடன்பாடு வந்தது, அதுவும் அரசின் ஊதிய முடக்க மிரட்டலின் நிழலில்தான். 1996இல், நிறுவனங்கள் ஆட்களை எளிதாக எடுத்து விலக்கும் நெகிழ்வும் ஊழியரின் வேலைப் பாதுகாப்பும் பற்றிய விவகாரத்தில் அமைச்சரவையே பிளவுபட்டு நின்றபோது, உழைப்பு அறக்கட்டளை ஒருமித்த ஆலோசனையைத் தந்தது. அது கிட்டத்தட்ட அப்படியே 1999 ஜனவரி 1இல் சட்டமாயிற்று. தற்காலிக வேலைக்கு அனுப்பும் முகமைகளில் பணிபுரிவோருக்குத் தொழிலாளர் என்ற சட்டத் தகுதி கிடைத்தது அதனால்தான். பதிலுக்கு, நிறுவனங்களுக்குத் தொடர் தற்காலிக ஒப்பந்தங்களைப் போட இடம் கிடைத்தது.

அந்த ‘பதிலுக்கு’தான் இன்றைய சிக்கலாகிவிட்டது. நிரந்தர வேலையில் இருப்பவர்களின் பாதுகாப்பில் கைவைக்கச் சங்கங்கள் விடவில்லை. நெகிழ்வு வேண்டுமென்ற முதலாளிகள் அதைப் புதிதாக வருபவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரமற்ற ஒப்பந்தங்களில் இருப்போரின் பங்கில் நெதர்லாந்து ஐரோப்பாவின் முன்வரிசையில் இருக்கிறது. ஊழியரே இல்லாத தனிநபர்த் தொழில்முனைவோர் பத்து லட்சத்திற்கும் மேல். பொதி கொண்டுவருபவர், கட்டடத்தில் ஓடு பதிப்பவர், வீட்டுக்கு வரும் செவிலியர் எனப் பலர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து பசுமைக்குடில்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்வோரின் நிலை குறித்து 2020இல் எமில் ரூமர் தலைமையிலான குழு தந்த அறிக்கையைப் படித்தால் வேலையும் தங்குமிடமும் ஒரே முகமையின் கையில் இருப்பதன் பொருள் விளங்கும்: வேலை போன அன்றே கூரையும் போகிறது. இவர்களில் எத்தனை பேர் சங்க உறுப்பினர்?

அதே 2020இல், வேலை ஒப்பந்த விதிகளை ஆராய அரசு அமைத்த போர்ஸ்ட்லாப் ஆணையம் இந்த நிலை நீடிக்க முடியாது என்றது. 2021 ஜூனில் சமூகப் பொருளாதார மன்றமும் நெகிழ்வு ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தவும் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தவும் ஒருமித்துப் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் குறைந்தபட்ச ஊதியம் ஒரே தாவலில் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. முதலாளிகளும் கையெழுத்திட்ட அறிக்கை அது என்பது குறிப்பிடத்தக்கது. மெதுவாகத்தான் திரும்புகிறது, ஆனால் திரும்புகிறது.

பதிவு 10 – செம்மலை

உறுப்பினர் எண்ணிக்கை பற்றிய கேள்வி சரியானது. 1970களில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சங்கத்தில் இருந்தார்கள். இன்று ஏழில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஊழியர்களில் சுமார் எழுபது விழுக்காட்டினர் ஏதோ ஒரு கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். இந்த இடைவெளியை நிரப்புவது 1937ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு துறையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முதலாளிகளிடம் அத்துறை ஊழியர்களில் பெரும்பான்மையோர், நடைமுறையில் அறுபது விழுக்காடு, வேலை செய்தால், அமைச்சர் அந்த ஒப்பந்தத்தைத் துறை முழுவதற்கும் கட்டாயமாக்கலாம். எண்ணப்படுவது சங்க உறுப்பினர்கள் அல்ல, கையெழுத்திட்ட முதலாளிகளின் ஊழியர்கள். எனவே சங்கம் எவ்வளவு மெலிந்தாலும் ஒப்பந்தத்தின் வீச்சு குறைவதில்லை.

முதலாளிகள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்று கேட்கலாம். ஊதியத்தைக் குறைத்து விலையைக் குறைக்கும் போட்டியாளன் தன் துறையில் இருப்பதை எந்த முதலாளியும் விரும்புவதில்லை. வேலைநிறுத்தம் இல்லாத காலமும் ஒப்பந்தத்தோடு சேர்ந்து வருகிறது.

இதிலுள்ள ஓட்டை, ஒப்பந்தம் போடும் சங்கம் அத்துறையில் எத்தனை பேரைப் பிரதிநிதித்துவம் செய்கிறது என்று சட்டம் கேட்பதில்லை என்பதே. பெரிய சங்கம் மறுத்தால், சில நூறு உறுப்பினர்களைக் கொண்ட சிறிய சங்கத்துடன் முதலாளி கையெழுத்திட்டுவிட முடியும். அப்படி நடக்கும்போதெல்லாம் எஃப்.என்.வி. கூச்சலிடுகிறது; தனக்கு உறுப்பினர் குறைவான துறைகளில் தானும் இதே விதியின் பயனைத்தான் அனுபவிக்கிறது என்பதை அது உரக்கச் சொல்வதில்லை.

பதிவு 11 – வைகறைவாணன்

நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. 2011இல் நடந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும், ஏனென்றால் மேசையில் அமர்ந்தவர் தன் பின்னால் நிற்பவர்களை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. ஓய்வு வயதை உயர்த்தும் உடன்பாட்டுக்கு எஃப்.என்.வி.யின் தலைவி ஆக்னெஸ் யோங்கேரியஸ் இணங்கினார். கூட்டமைப்பின் ஆகப்பெரிய இரண்டு உறுப்புச் சங்கங்கள் எதிர்த்தன. மொத்த உறுப்பினரில் பாதிக்கும் மேல் அவற்றில்தான் இருந்தனர். சிறிய சங்கங்களின் வாக்கால் உடன்பாடு ஏற்கப்பட்டது, கூட்டமைப்பு உடைந்தது, அவர் விலகினார், அமைப்பையே புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஓய்வூதியக் கேள்வி 2019 ஜூனில்தான் மீண்டும் உடன்பாட்டை எட்டியது. அதற்கு முன் அதே ஆண்டில் நாடெங்கும் போக்குவரத்து நின்றது. சட்டம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தொடங்கியதிலிருந்து முடியும்வரை பத்தாண்டுக்கு மேல்.

அவசரப்படுபவர்களுக்கு இந்த முறை ஏற்றதல்ல. ஆனால் ஓய்வூதியம் போல நாற்பது ஆண்டுகளுக்கு நிற்க வேண்டிய ஒன்றை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றி, அடுத்த தேர்தலில் அதைக் கலைக்கும் நாடுகளையும் நாம் அறிவோம். கணக்கனிடம் ஒன்று கேட்கிறேன்: இயலாமைத் திட்டத்தின் சீர்கேட்டைக் கண்டுபிடித்துத் திருத்தியது நாடாளுமன்றம். அப்படியானால் உங்கள் குறை இணக்க முறையின் மீதா, அதை மேற்பார்வை செய்யாமல் விட்டவர்கள் மீதா?

பதிவு 12 – கணக்கன்

இரண்டின் மீதும். ஆனால் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மேற்பார்வையின் மீது. ஊதியத்தைப் பற்றி அவர்களே பேசட்டும். அது அவர்கள் பணம். பொதுநிதியின் சாவியை அவர்களிடமே கொடுத்ததுதான் தவறு. இப்போது அந்தச் சாவி அவர்களிடம் இல்லை. தற்காலிகத் தொழிலாளருக்கு மேசையில் நாற்காலி இல்லாதவரை என் சந்தேகம் தொடரும்.

பதிவு 13 – தென்றல்77

எல்லோருக்கும் நன்றி. எனக்குத் தனிப்பட்ட ஒரு காரணமும் உண்டு. எய்ந்தோவன் நகரில் மென்பொருள் வேலைக்கு வந்திருக்கிறேன். என் பணி ஒப்பந்தத்தில் எந்தக் கூட்டு ஒப்பந்தமும் குறிப்பிடப்படவில்லை. இவ்வளவு பேசுகிறோமே, இந்த மேசைக்கும் என்னைப் போன்ற வெளிநாட்டு ஊழியருக்கும் தொடர்பே இல்லையா?

பதிவு 14 – ரொட்டர்டாம்வாசி

மென்பொருள் துறை முழுவதற்குமான கூட்டு ஒப்பந்தம் இங்கே இல்லை; சில நிறுவனங்கள் மட்டும் தனியாக வைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் நிறுவனம் மின்னணுக் கருவியோ இயந்திரமோ தயாரிப்பதாக இருந்தால், அது உலோக, மின்தொழில் துறையின் ஒப்பந்தத்திற்குள் வரக்கூடும். நீங்கள் எழுதுவது மென்பொருள் என்பது அங்கே பொருட்டல்ல, நிறுவனத்தின் முதன்மைத் தொழில் எது என்பதுதான் பொருட்டு. மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். துறை முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்ட ஒப்பந்தங்கள் அரசிதழில் வெளியாகின்றன, அங்கேயும் சரிபார்க்கலாம்.

ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றாலும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஊழியர் மன்றம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு வாக்களிக்கவோ போட்டியிடவோ டச்சுக் குடியுரிமை தேவையில்லை. ஆட்குறைப்பு, நிறுவனத்தை விற்பது போன்ற முடிவுகளுக்கு முன் அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். வேலை நேர விதிகளை மாற்ற அதன் ஒப்புதலே வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அடுத்த மன்றத் தேர்தல் எப்போது என்று விசாரித்துவிட்டு இங்கே எழுதுங்கள்; போட்டியிடும் நடைமுறையை விளக்குகிறேன்.